துபாஷியிடம் சொல்லாதது

சென்னை ராஜாஜி சாலையைத் தொண்ணூறுகளின் தொடக்கம்வரை பார்த்தவர்களுக்குச் சுங்க இல்லத்தின் காலை நேரம் மறந்திருக்காது. தம்புச் செட்டித் தெரு, லிங்கிச் செட்டித் தெரு மாடிகளில் இருந்த சின்னச் சின்ன அலுவலகங்களிலிருந்து, கக்கத்தில் கோப்பு இடுக்கிய ஒரு கூட்டம் கிளம்பி வந்து அந்தக் கட்டடத்துக்குள் நுழையும். கோப்புக்குள், வந்த சரக்கை அறிவிக்கும் பில் ஆஃப் என்ட்ரி இருக்கும். வரியைக் கட்டிச் சரக்கை உடனே எடுப்பதென்றால் வெள்ளைத் தாள். வரியைத் தள்ளிப்போட்டுப் பாண்டட் கிடங்கில் வைப்பதென்றால் மஞ்சள். கிடங்கிலிருந்து பிறகு எடுப்பதென்றால் பச்சை. அந்தக் கூட்டத்துக்கு ஊரில் வழங்கிய பெயர் ‘கிளியரிங் ஏஜென்ட்’. சரக்கை வரவழைத்த முதலாளி அந்தப் படிகளில் ஏறியதே இல்லை என்பது அன்று சாதாரணம். கேட்டால் ஒரே பதில்தான்: “ஏஜென்ட் பார்த்துப்பார்.” அந்தக் காலத்தை நினைக்கும்போது எனக்கு முதலில் வருவது தாள்களின் நிறமல்ல, இந்த இரண்டு சொற்கள்தான். தாள்கள் போய்விட்டன, சொற்கள் போகவில்லை. இன்று சீனாவிலிருந்து ஒரு கன்டெய்னர் வரவழைப்பவரும் அதையேதான் சொல்கிறார். அன்று அதில் ஓரளவு நியாயம் இருந்தது. இன்று அது இறக்குமதியாளர் தனக்குத் தானே தோண்டிக்கொள்ளும் குழி.

அன்றைய நியாயத்தை முதலில் பார்த்துவிடலாம். 1991 வரை உச்சபட்ச சுங்க வரி 150 சதவீதத்துக்கும் மேல். எதைக் கொண்டுவரலாம், எதற்கு லைசென்ஸ் வேண்டும் என்பதை இறக்குமதிக் கொள்கைப் புத்தகம் தீர்மானித்தது. நுகர்பொருள்களின் மீதிருந்த கடைசி அளவுக் கட்டுப்பாடுகள் நீங்கியதே 2001-இல்தான். பில்லைத் தாக்கல் செய்தபின் அது ஒவ்வொரு மேசையாக நகரவேண்டும். சரக்கு என்ன, அதன் விலை என்ன, எந்த விகிதத்தில் வரி என்பதை அப்ரைசர் முடிவு செய்வார். ஷெட்டில் பெட்டியைத் திறந்து பார்த்து எக்ஸாமினர் எழுதுவார். ஏஜென்டின் திறமை என்பது எந்தக் குரூப்பில் எந்தக் கோப்பு தேங்கி நிற்கிறது என்று தெரிந்திருப்பது, அதைக் கிளப்பி அடுத்த மேசைக்குக் கொண்டுபோவது. தவறாக மதிப்பிட்டாலும் அது அதிகாரியின் கையெழுத்து. ஆக, முதலாளி ஒதுங்கி நின்றதால் பெரிய நஷ்டம் வந்துவிடவில்லை. இந்த ஏற்பாடு புதிதும் இல்லை. கம்பெனிக் காலத்து மதராஸில் துபாஷிகள் இருந்தார்கள். இரு மொழி தெரிந்தவர் என்பதுதான் அந்தச் சொல்லின் பொருள். புதுச்சேரியில் பிரெஞ்சு ஆளுநர் டூப்ளேயிடம் துபாஷியாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பைப் படிப்பவருக்கு, துபாஷி என்றால் வெறும் மொழிபெயர்ப்பாளர் இல்லை, அதிகாரத்தின் வாசலில் நிற்பவர் என்பது புரியும். கிளியரிங் ஏஜென்டும் அப்படி வாசல் அறிந்தவராகவே மதிக்கப்பட்டார். அவருடைய இன்னொரு வேலை, இரு மொழிகளுக்கு நடுவில் சொல்லை மாற்றிக் கொடுக்கும் வேலை, யார் கண்ணிலும் படவில்லை.

பெயர் மாறிய வரிசையே ஒரு கதை சொல்கிறது. 1962-ஆம் ஆண்டுச் சுங்கச் சட்டத்தின் 146-ஆம் பிரிவின் கீழ் 1984-இலும் 2004-இலும் வந்த விதிகளில் அவர் ‘கஸ்டம் ஹவுஸ் ஏஜென்ட்’. அதாவது அந்த வீட்டோடு ஒட்டியவர். 2013 விதிகளில் ‘கஸ்டம்ஸ் புரோக்கர்’, சுங்கத் தரகர், ஆனார். இப்போது நடப்பில் இருப்பவை 2018 விதிகள். தெருவில் இன்னும் ‘சி.எச்.ஏ.’ என்றுதான் பேச்சு. ஆனால் உண்மையான மாற்றம் பெயரில் இல்லை, 2011-இல் திருத்தப்பட்ட 17-ஆம் பிரிவில் இருக்கிறது. அதுவரை வரியை நிர்ணயித்தது அதிகாரி. அந்த ஆண்டு முதல் இறக்குமதியாளரே தன் வரியைத் தானே கணக்கிட்டு அறிவிக்கவேண்டும். அதிகாரி விரும்பினால் சரிபார்ப்பார். காவிரிப்பூம்பட்டினத்தில் வந்திறங்கிய பண்டங்களில் சோழனின் அலுவலர்கள் புலி முத்திரை பொறித்ததைப் பட்டினப்பாலை சொல்கிறது. முத்திரை அரசன் கையில் இருந்தது, அவ்வளவு காலமும் அப்படித்தான் இருந்தது. 2011-இல் அதை எடுத்து இறக்குமதியாளரின் மேசைமேல் வைத்துவிட்டார்கள். வைத்த சத்தம் பலருக்குக் கேட்கவே இல்லை.

கேட்காததற்குக் காரணம் உண்டு. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு எல்லாம் வேகமானது மட்டும்தான் தெரிந்தது. தொண்ணூறுகளின் நடுவில் டெல்லியில் தொடங்கிய கணினிமுறை துறைமுகம் துறைமுகமாகப் பரவியது. 2005-இன் இறுதியில் இடர் மேலாண்மை முறை வந்தது. எந்தப் பில்லைப் பார்ப்பது, எதை விட்டுவிடுவது என்று கணினி பிரித்தது. 2016-இல் ஒற்றைச் சாளரம். 2020 ஜூன் 8 அன்று சென்னையிலும் பெங்களூரிலும் முதலில் தொடங்கிய முகமறியா மதிப்பீட்டில், சென்னைத் துறைமுகத்துப் பில்லை வேறொரு ஊரில் உட்கார்ந்திருக்கும் அதிகாரி பார்க்கலாம் என்றானது. அதே ஆண்டு அக்டோபர் இறுதிக்குள் நாடு முழுதும் அதுவே முறை. பில் போட்டது, டியூட்டி கட்டியது, சரக்கை எடுத்துச்செல்லும் அனுமதியான அவுட் ஆஃப் சார்ஜ் ஆனது எல்லாம் சில மணி நேரத்தில் முடியும்போது, ‘கிளியர் ஆகிவிட்டது’ என்பதை ‘சரி என்று அரசாங்கம் ஒப்புக்கொண்டது’ என்று வியாபாரி எடுத்துக்கொள்கிறார். அப்படி யாரும் ஒப்புக்கொள்ளவில்லை. யாரும் பார்க்கவில்லை, அவ்வளவுதான். பார்ப்பது பிறகு, தணிக்கையில் நடக்கும். 28-ஆம் பிரிவின்படி, குறைத்துக் கட்டிய வரியை இரண்டு ஆண்டுகள்வரை கேட்கலாம். வேண்டுமென்றே மறைத்ததாகக் கருதினால் 5 ஆண்டுகள்வரை. ஷெட்டில் அன்றைக்கே கேட்கப்பட்ட கேள்வி இன்று இரண்டு ஆண்டு கழித்துத் தபாலில் வருகிறது. அப்போது சரக்கு விற்று முடிந்திருக்கும்.

இந்த இடைவெளியில்தான் செக்லிஸ்ட் என்ற ஒரு சாதாரணத் தாள் முக்கியமாகிறது. இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், கப்பல் கம்பெனி தரும் சரக்கு ரசீதான பி.எல்., இன்ஷூரன்ஸ் இவற்றை வைத்துத் தரகர் விவரங்களைக் கணினியில் ஏற்றுவார். பில்லைத் தாக்கல் செய்யும் முன், ஏற்றியதை இரண்டு மூன்று பக்கங்களில் எடுத்து இறக்குமதியாளருக்கு அனுப்புவார். பொருளின் விவரம், 8 இலக்கக் குறியீடு, சலுகை கோரும் அறிவிக்கையின் எண், விலை, நாணயம், கப்பல் கட்டணம், பிறந்த நாடு எல்லாம் அதில் இருக்கும். பெரும்பாலும் வாட்ஸப்பில் போகும். பெரும்பாலும் ‘ஓகே’ என்று ஒரு சொல் திரும்பி வரும். அவசரத்துக்கும் காரணம் இருக்கிறது. 2021 திருத்தத்துக்குப்பின் கப்பல் வருவதற்கு முந்தைய நாளுக்குள் பில் போடவேண்டும் என்பதே பொது விதி. தாமதித்தால் முதல் மூன்று நாளுக்கு நாளொன்றுக்கு 5,000 ரூபாய், அதற்குமேல் நாளொன்றுக்கு 10,000. கப்பல் கம்பெனியின் இலவச நாள்கள் முடிந்தால் டிடென்ஷன் கட்டணம், சி.எஃப்.எஸ். என்னும் கன்டெய்னர் கிடங்கில் கிடந்தால் வாடகை. ஆனால் கப்பல் வருவதற்கு 30 நாள் முன்பிருந்தே பில் போடலாம் என்றும் அதே சட்டம் சொல்கிறது. நேரம் இல்லை என்பதைவிட, அந்த நேரத்தை யாரும் கேட்டு வாங்கிக்கொள்வதில்லை என்பதே உண்மை. செக்லிஸ்ட்டில் பல வரிகள் இருந்தாலும் வரியைத் தீர்மானிப்பவை மூன்றுதான்: இது என்ன பொருள், என்ன விலை, எங்கே பிறந்தது. இந்த மூன்றுக்கும் விதி தெரிந்தவர் தரகர், உண்மை தெரிந்தவர் இறக்குமதியாளர். ஒருவர் கையில் சாவி, இன்னொருவர் கையில் பூட்டு.

பொருள் எது என்பதிலிருந்து தொடங்கலாம். உலகச் சுங்க அமைப்பின் ஒத்திசைந்த குறியீட்டு முறையில் முதல் 6 இலக்கம் பெரும்பாலான நாடுகளுக்குப் பொது. இந்தியா அதை 8 இலக்கமாக நீட்டியிருக்கிறது. ஓர் இலக்கம் நகர்ந்தால் என்ன ஆகும் என்பதை வெறும் கூட்டல் கணக்கிலேயே பார்க்கலாம். 10 லட்ச ரூபாய் மதிப்புள்ள சரக்குக்கு அடிப்படைச் சுங்க வரி 10 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம்: 1,00,000. அதன்மேல் சமூகநல மிகைவரி 10 சதவீதம்: 10,000. இவை சேர்ந்த 11,10,000-க்கு ஐ.ஜி.எஸ்.டி. 18 சதவீதம்: 1,99,800. மொத்தம் 3,09,800. குறியீடு பக்கத்து வரிக்குப் போய் அடிப்படை வரி 20 சதவீதமானால் மொத்தம் 4,39,600. வித்தியாசம் 1,29,800. இதில் ஐ.ஜி.எஸ்.டி. பங்கான 19,800-ஐப் பொதுவாகக் கிரெடிட்டாக எடுத்துக்கொள்ளலாம். மீதி 1,10,000 சொந்தக் காசு. மாதம் ஒரு கன்டெய்னர் கொண்டுவருபவருக்கு, யாரும் பார்க்காத இரண்டு ஆண்டுகளில் அது 26,40,000 ஆகும். வட்டி தனி. மறைத்ததாக முடிவானால் வரிக்குச் சமமான அபராதமும் தனி. விற்ற பொருளுக்கு வாடிக்கையாளரிடம் போய் இதை வசூலிக்க முடியாது. தரகர் இந்தக் குறியீட்டை எதைப் பார்த்துப் போடுகிறார்? இன்வாய்ஸில் சப்ளையர் எழுதிய ஒற்றை வரியைப் பார்த்து. ‘பிளாஸ்டிக் பாகங்கள்’ என்று இருந்தால் அவை எந்த இயந்திரத்துக்கு, அதற்கு மட்டுமே பொருந்துபவையா, பொதுவாகவும் பயன்படுபவையா என்பதை அவர் ஊகிக்கத்தான் முடியும்.

இது நம்மூர்ச் சிக்கல் மட்டுமில்லை. 2003-இல் அமெரிக்கப் பன்னாட்டு வணிக நீதிமன்றத்தில் எக்ஸ்-மென் காமிக்ஸ் உருவங்கள் பொம்மையா விளையாட்டுப் பொருளா என்று ஒரு வழக்கு முடிந்தது. மனிதரைக் குறிக்கும் பொம்மைக்கு அப்போது 12 சதவீத வரி, மற்ற விளையாட்டுப் பொருளுக்கு 6.8. இவர்கள் மனிதர்கள் அல்லர் என்று வாதாடி ஜெயித்தது அந்த உருவங்களை இறக்குமதி செய்த நிறுவனமே. கதாபாத்திரங்களின் கதையை அறிந்தவர்களால்தான் அந்த வாதத்தை வைக்க முடியும். இன்னொரு வழக்கு இதைவிடக் கூர்மையானது. ஃபோர்டு நிறுவனம் துருக்கியிலிருந்து டிரான்சிட் கனெக்ட் வண்டிகளைப் பின்னிருக்கையோடு அமெரிக்காவுக்குக் கொண்டுவந்தது. பயணிகள் வண்டிக்கு அப்போது வரி 2.5 சதவீதம், சரக்கு வண்டிக்கு 25. துறைமுகத்தைத் தாண்டியதும் பின்னிருக்கைகளைக் கழற்றிச் சரக்கு வண்டியாக்கி விற்றார்கள். 2019-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைச் சரக்கு வண்டி என்றது. 2024-இல் ஃபோர்டு 36.5 கோடி டாலர் கட்டி அந்த விவகாரத்தைத் தீர்த்துக்கொண்டது. அந்த வண்டிகளின் தாள்களை எவ்வளவு தேர்ந்த தரகர் பார்த்திருந்தாலும் இருக்கையோடு வந்த வண்டி என்றுதான் தெரிந்திருக்கும். வந்தபிறகு என்ன செய்யப்போகிறார்கள் என்பது நிறுவனத்துக்குள் இருக்கும் செய்தி. பெரிய நிறுவனத்துக்கே இப்படியென்றால், பாரிமுனையில் கடை வைத்திருப்பவர் தன் பொருளின் உபயோகத்தை வாய் திறந்து சொல்லாமல் குறியீடு மட்டும் சரியாக விழும் என்று எதிர்பார்ப்பது எந்த நம்பிக்கையில்?

விலையில் இந்த இடைவெளி இன்னும் ஆழம். இன்வாய்ஸில் இருப்பதுதான் விலை என்று வியாபாரி நினைக்கிறார். 14-ஆம் பிரிவும் 2007-ஆம் ஆண்டு மதிப்பீட்டு விதிகளும் அதற்கு மேலும் கேட்கின்றன. பொருளைச் செய்ய வார்ப்பச்சை நீங்களே காசு கொடுத்துச் சீனத் தொழிற்சாலைக்கு வாங்கித் தந்திருந்தால் அதன் பங்கு சரக்கின் மதிப்பில் சேரவேண்டும். வெளிநாட்டில் வரைந்து வாங்கிய வடிவமைப்பை இலவசமாகத் தந்திருந்தால் அதுவும். பிராண்டின் பெயருக்காகத் தனியே ராயல்டி கட்டினால், அது அந்தச் சரக்கை வாங்குவதற்கான நிபந்தனையாக இருந்தால், அதுவும். வாங்குபவரும் விற்பவரும் உறவுள்ள நிறுவனங்கள் என்றால் கோப்பு சிறப்பு மதிப்பீட்டுப் பிரிவுக்குப் போகும். கப்பல் கட்டணம் தெரியாவிட்டால், கப்பலில் ஏற்றும்வரையிலான எஃப்.ஓ.பி. மதிப்பில் 20 சதவீதமும், இன்ஷூரன்ஸ் தெரியாவிட்டால் 1.125 சதவீதமும் சேர்த்துக்கொள்வார்கள். ரசீதைத் தேடி எடுத்துத் தராத சோம்பலுக்கு வரியாகவே காசு போகும். இவற்றில் எது தரகர் கைக்கு வரும் காகிதங்களில் இருக்கிறது? வார்ப்பச்சுக்கான பணம் ஆறு மாதம் முன்பு வேறு வங்கிப் பரிமாற்றத்தில் போயிருக்கும். ராயல்டி ஒப்பந்தம் ஆடிட்டரின் அலமாரியில் இருக்கும். தரகரின் விரல்கள் இன்வாய்ஸின் எண்ணைத் தட்டெழுதும். அந்த எண் முழுமையில்லை என்று சொல்லக்கூடிய ஒரே ஆள் ‘ஓகே’ என்று அனுப்பிவிட்டு அடுத்த வேலைக்குப் போயிருப்பார்.

பிறந்த நாடு என்ற மூன்றாவது வரிக்கு நமக்கு நெருக்கமான உதாரணம் மிளகு. 1998-இல் கையெழுத்தாகி 2000-இல் நடைமுறைக்கு வந்த இந்திய-இலங்கைத் தடையில்லா வணிக ஒப்பந்தத்தில் இலங்கைப் பொருள்களுக்கு வரிச்சலுகை உண்டு. அந்த நாட்டில் 35 சதவீத மதிப்புக் கூட்டல் நடந்திருக்கவேண்டும் என்பது அடிப்படை நிபந்தனைகளில் ஒன்று. இலங்கை வழியே வியட்நாம் மிளகு வருகிறது என்ற விவசாயிகளின் புகார் வலுத்தபின் 2017 டிசம்பரில் மத்திய அரசு மிளகுக்குக் கிலோ 500 ரூபாய் என்று குறைந்தபட்ச இறக்குமதி விலை வைத்தது. 2020 செப்டம்பர் 21 முதல், எந்த ஒப்பந்தத்தின் கீழ்ச் சலுகை கேட்டாலும், பிறப்பிடச் சான்றிதழை நீட்டினால் மட்டும் போதாது என்றானது. அந்தப் பொருள் அங்கே எப்படி உருவானது, எந்த மூலப்பொருள் எங்கிருந்து வந்தது என்ற விவரத்தை இறக்குமதியாளர் முன்கூட்டியே வாங்கி, 5 ஆண்டு வைத்திருக்கவேண்டும். சட்டம் இந்தக் கடமையை இறக்குமதியாளரின் தலையில் ஏற்றியிருப்பது தற்செயல் இல்லை. சப்ளையரோடு பேசுபவர் அவர். தொழிற்சாலையைப் பார்த்தவர் அவர், அல்லது பார்த்திருக்கவேண்டியவர். கொழும்பிலிருந்து வந்த சாக்குக்குள் இருக்கும் மிளகு எந்த மண்ணில் விளைந்தது என்று சென்னையில் உட்கார்ந்திருக்கும் தரகர் எதை வைத்துச் சொல்வார்?

மூன்று வரிகளும் ஒரே இடத்தைக் காட்டுகின்றன. சுங்க அனுமதி வேலையின் கனமான பகுதி துறைமுகத்தில் நடப்பதில்லை. கப்பல் கிளம்புவதற்கு முன், இறக்குமதியாளரும் தரகரும் பேசும் பேச்சில் நடக்கிறது, அல்லது பேசாததால் நடக்காமல் போகிறது. சட்டமும் இந்தப் பங்கீட்டை ஏற்கிறது. 147-ஆம் பிரிவின்படி தரகர் செய்தது இறக்குமதியாளர் செய்ததாகவே கொள்ளப்படும்; தரகரின் வேண்டுமென்றே செய்த செயலோ அலட்சியமோ இல்லாமல் வரி குறைந்திருந்தால், இறக்குமதியாளரிடமிருந்து வசூலிக்கவே முடியாத நிலையில்தான் தரகரிடம் கேட்கலாம். அதேசமயம் தரகர் வெறும் தபால்காரரும் இல்லை. 2018 விதிகளின் 10-ஆவது விதி, சட்டப்படி நடக்கக் கட்சிக்காரருக்கு அறிவுரை சொல், கேட்காவிட்டால் துறைக்குத் தெரிவி, தகவலின் சரித்தன்மையை உரிய கவனத்தோடு பார், அவர் சொன்ன முகவரியில் உண்மையிலேயே இயங்குகிறாரா என்று நம்பகமான ஆவணங்களால் உறுதிசெய் என்கிறது. சுங்க இல்லத்தில் தரகரின் இடம் மிக முக்கியமானது, இரு தரப்பும் அவரை நம்பியிருக்கின்றன என்ற கருத்தை 2016-இல் உச்ச நீதிமன்றம் ஏற்றது. மறுபக்கம், சரக்குப் பரிவர்த்தனையின் உண்மைத்தன்மையை எடைபோடும் ஆய்வாளர் அல்ல அவர் என்று 2017-இல் டெல்லி உயர் நீதிமன்றம் சொன்னது. இரண்டும் முரண்போலத் தோன்றும். முரண் இல்லை. துபாஷி பொய் சொல்லக்கூடாது. ஆனால் தன்னிடம் சொல்லப்படாததை மொழிபெயர்க்கும் கடமை அவருக்குக் கிடையாது.

இதற்கு எழும் முதல் ஆட்சேபம்: எல்லாம் கணினிக்கு வந்துவிட்டதே, பிறகு தரகர் எதற்கு? சட்டப்படி அவசியமே இல்லை என்பது சரிதான். தன் சரக்குக்குத் தானே பில் போட்டுக்கொள்ள இந்தியாவில் இறக்குமதியாளருக்கு உரிமை இருக்கிறது. தரகர் உரிமம் பிறர் சரக்கைத் தொழிலாகக் கையாள்பவருக்குத்தான். 2017 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த உலக வணிக அமைப்பின் வணிக எளிமையாக்க ஒப்பந்தமும், தரகரைக் கட்டாயமாக்கும் விதிகளை உறுப்பு நாடுகள் புதிதாகக் கொண்டுவரக்கூடாது என்கிறது. ஆனாலும் 1989-இலேயே டிரேட்நெட் என்று நாடு முழுதுக்குமான மின்னணுச் சாளரத்தைத் திறந்த சிங்கப்பூரில் இன்றும் பிறருக்காகச் சரக்கு விவரம் தாக்கல் செய்யும் முகவர்கள் தொழில் செய்கிறார்கள். காரணம் எளிது: கணினி எடுத்துக்கொண்டது கோப்பைச் சுமக்கும் வேலையை. எந்த அறிவிக்கையின் எந்த வரிசை எண்ணில் இந்தப் பொருளுக்குச் சலுகை, பொம்மை என்றால் 2021 ஜனவரி முதல் பி.ஐ.எஸ். முத்திரை வேண்டும், உணவு என்றால் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. அனுமதி, விதை என்றால் தாவரத் தொற்றுத்தடைச் சான்று, சில்லறைப் பொட்டலம் என்றால் இறக்குமதியாளர் பெயரும் எம்.ஆர்.பி.யும் ஒட்டியிருக்கவேண்டும் என்ற அறிவைக் கணினி எடுத்துக்கொள்ளவில்லை. முகமறியா மதிப்பீட்டில் வேறு ஊர் அதிகாரி ஒரு கேள்வி எழுப்பினால் அதற்கு எழுத்தில் பதில் சொல்லவேண்டும். அங்கே முகப் பழக்கம் உதவாது; நல்ல பதில் உதவும். எனவே தரகர் குறைந்துவிடவில்லை. ஓடுபவராக இருந்தவர் எழுதுபவராக ஆகியிருக்கிறார்.

இரண்டாவது ஆட்சேபத்தில் வலி இருக்கிறது. வருடத்துக்கு நான்கு கன்டெய்னர் கொண்டுவரும் சிறு வியாபாரி இத்தனை விதியும் படித்துக்கொண்டிருக்க முடியுமா? அதற்குத்தானே காசு கொடுத்துத் தரகரை வைத்திருக்கிறார்? நியாயமான கேள்வி. ஆனால் நான் கேட்பது அவர் சுங்கச் சட்டத்தைப் படிக்கவேண்டும் என்றல்ல. தன் சரக்கைச் சொல்லவேண்டும் என்று. பொருளின் கேட்டலாக், படம், எதனால் ஆனது, எதற்குப் பயன்படும், சப்ளையருக்கு இன்வாய்ஸுக்கு வெளியே வேறு என்னென்ன பணம் போனது, எங்கே தயாரானது: ஒரு பக்கத் தாளில் தமிழிலேயே எழுதித் தரலாம். தனக்கே முழு விவரம் தெரியவில்லை என்றால் அதையும் சட்டம் எதிர்பார்த்திருக்கிறது. முதலில் சரக்கைப் பார்த்துவிட்டுப் பிறகு மதிப்பிடலாம் என்று 46-ஆம் பிரிவில் கேட்டுக்கொள்ள வழி உண்டு. வகைப்பாட்டில் உண்மையான சந்தேகம் என்றால் 2021 ஜனவரி முதல் டெல்லியிலும் மும்பையிலும் இயங்கும் முன்தீர்ப்பு ஆணையத்திடம் 10,000 ரூபாய் கட்டணம் கட்டிக் கேட்கலாம். எல்லாச் சரக்குக்கும் அது தேவைப்படாது. ஆனால் ஒரே பொருளை ஆண்டுக்கணக்கில் கொண்டுவரப்போகிறவருக்கு, 26 லட்சக் கணக்கின் பக்கத்தில் 10,000 ரூபாய் பெரிய தொகை இல்லை. டாக்டரிடம் போகிறவர் மருத்துவம் படித்துவிட்டுப் போவதில்லை. எங்கே வலிக்கிறது என்பதை மட்டும் மறைப்பதில்லை.

மூன்றாவது ஆட்சேபத்தைப் பலர் தாழ்ந்த குரலில்தான் சொல்வார்கள்: தரகரை வைத்துக்கொள்வதே ‘மேல் செலவை’ அவர் கையால் செய்துவிடுவதற்காக, நமக்கு எதுவும் தெரியாமல் இருப்பதே பாதுகாப்பு. தரகரின் பில்லில் ரசீதில்லாத ‘இதர செலவுகள்’ என்ற வரியை நினைவில் வைத்திருப்பவர்கள் இதைப் புரிந்துகொள்வார்கள். அந்த வரி ஒழிந்துவிட்டது என்று நான் சொல்லமாட்டேன். பெட்டியைத் திறந்து பார்க்கும் இடத்தில் இன்னும் மனிதர்கள்தான் நிற்கிறார்கள். என் வாதம் வேறு. அந்தப் பணம் அன்று எதை வாங்கியது? ஒரு மேசையின் சம்மதத்தை. மேசை மட்டுமே முடிவெடுத்த காலத்தில் அதற்கு ஒரு மதிப்பு இருந்தது. இன்று மதிப்பிடுபவர் ஓர் ஊரில், சரக்கைப் பார்ப்பவர் இன்னோர் ஊரில், தணிக்கை செய்பவர் இரண்டு ஆண்டு கழித்து, அத்தனைக்கும் அடியில் அழிக்க முடியாத ஒரு மின்னணுப் பதிவு. ஒரு வாசலில் வாங்கிய மௌனம் அடுத்த வாசலில் செல்லாது. ‘எனக்குத் தெரியாது, ஏஜென்ட் செய்தார்’ என்பதை 147-ஆம் பிரிவு ஒரு பதிலாகவே எடுத்துக்கொள்வதில்லை. அறத்தை ஒதுக்கிவைத்துவிட்டு வெறும் லாப நஷ்டம் பார்த்தாலும், அந்தப் பணம் முன்புபோல் பாதுகாப்பை வாங்கித் தருவதில்லை.

இந்த வாதத்தை ஏற்பவர் தரகரைத் தேர்ந்தெடுக்கும்போது கேட்கும் கேள்விகளும் மாறும். ‘எவ்வளவு சீக்கிரம் எடுத்துத் தருவீர்கள், எவ்வளவு ஆகும்’ என்பதோடு நிறுத்தாமல், ‘யாருடைய உரிமத்தில் பில் போகிறது’ என்று கேட்பார். எல்லாம் சேர்த்து ஒரே தொகை என்று சொல்லும் ஃபார்வர்டர் கப்பலில் இடம் பிடிப்பவர். பில் போடும் உரிமம் அவருடையதாகவே இருக்கவேண்டும் என்பதில்லை. பின்னால் இருக்கும் தரகர் யார் என்றே தெரியாமல் காலம் தள்ளும் இறக்குமதியாளர்கள் உண்டு. அப்படியானால் அவர்களின் சரக்கைப் பற்றி யாரிடம் யார் பேசியிருப்பார்கள்? தேர்வெழுதி உரிமம் பெற்றவருக்கு எஃப் கார்டு, ஆவணங்களில் கையெழுத்திடத் தேர்ச்சி பெற்ற ஊழியருக்கு ஜி கார்டு, உதவியாளருக்கு எச் கார்டு என்று அடுக்கு இருக்கிறது. தன் பில்லில் கையெழுத்திடுபவர் யார் என்று கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது. டியூட்டியைத் தரகரின் கணக்கில் போட்டு அனுப்பாமல் தன் வங்கிக் கணக்கிலிருந்து நேரே கட்டுவதும் அப்படித்தான். நல்ல தரகரை அடையாளம் காட்டுவது அவர் கேட்கும் கேள்விகள். இன்வாய்ஸை வாங்கிக்கொண்டு ஒன்றும் கேட்காமல் பில் போடுபவர் வேகமானவராகத் தெரிவார். ‘இது எதில் பொருத்துவது? இதற்கு வார்ப்பச்சு யாருடையது?’ என்று தொல்லை தருபவர்தான் இரண்டு ஆண்டு கழித்து வரக்கூடிய தபாலை இன்றைக்கே படித்துப் பார்ப்பவர்.

ராஜாஜி சாலைக் காலைக் கூட்டம் இப்போது அந்த அளவுக்கு இல்லை. தம்புச் செட்டித் தெரு மாடிகளில் திரைகள் ஒளிர்கின்றன, கோப்பு இடுக்கிய கைகள் விசைப்பலகையில் இருக்கின்றன. அந்தக் கூட்டத்தை நினைக்கும்போது பழைய நாளின் ஏக்கம் எனக்கு வருவதில்லை. வருவது ஒரு கேள்விதான்: அத்தனை பேர் அத்தனை படி ஏறி இறங்கியும், சரக்கின் சொந்தக்காரர் மட்டும் ஏன் ஒரு நாளும் அங்கே இல்லை? அன்று அவர் வராததை அதிகாரியின் கண்கள் ஈடுகட்டின. இப்போது அந்தக் கண்களும் விலகிவிட்டன. சொந்தக்காரர் படியேறவேண்டிய தேவையும் இன்று இல்லை. அவர் இருக்கவேண்டிய இடம் அவர் கையிலேயே, இரண்டு மூன்று பக்கச் செக்லிஸ்ட்டாக வந்து நிற்கிறது. அதில் மூன்று வரிகளை விரலால் தொட்டுப் படித்து, ‘இந்த இரண்டாவது பொருள் நீங்கள் எழுதியிருப்பது இல்லை, வேறு’ என்று தரகருக்கு ஒரு போன் போட ஐந்து நிமிடம் போதும்.